டாக்டர் எழுதிய குறிப்பை ஏஐ படிக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு எழுதும் முதுநிலை மருத்துவ மாணவர்கள், ஆராய்ச்சிப் பிரிவுச் செவிலியர்கள், மருத்துவத் தரவுப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர்காரர்கள். இந்த மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது. அதனால் பதில்களின் நீளம் ஒரே மாதிரி இருக்காது.

கிளினிக்கல் நோட்ஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதுவது, ஷிப்ட் மாறும்போது நர்ஸ் எழுதுவது, ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி. கட்டம் போட்ட அட்டவணைக்குள் போய் உட்காராத எழுத்து எல்லாமே இதில் சேரும். ரத்தச் சர்க்கரை 240 என்பது லேப் அட்டவணையில் கிடைத்துவிடும். 'மாத்திரை வாங்கக் காசில்லாமல் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார்' என்பதைக் குறிப்பில்தான் தேட வேண்டும்.

நோய்க்குத்தான் ஐசிடி குறியீடு இருக்கிறதே, குறிப்பை எதற்குக் குடைய வேண்டும்?

ஐசிடி என்பது ஒவ்வொரு நோய்க்கும் உலகப் பொதுவாக வைத்திருக்கும் குறியீடு. அதைப் போடுவதன் முக்கிய நோக்கம் கணக்கெடுப்பு. அமெரிக்கா போன்ற நாடுகளில் பில் போடவும் அதுதான். நோயாளி வழுக்கி விழுந்தாரா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் தானே நிறுத்தினாரா, தனியாக வசிக்கிறாரா, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னாரா என்பதெல்லாம் குறியீட்டில் பெரும்பாலும் ஏறாது. மனநல மருத்துவத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். லண்டனில் சவுத் லண்டன் அண்ட் மாட்ஸ்லி மருத்துவ அமைப்பு 2008-லேயே தன் நோயாளிப் பதிவுகளில் அடையாளங்களை மறைத்து, ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கும் வசதியை (பெயர் கிரிஸ்) உருவாக்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கோவிட் காலத்து உதாரணம் ஒன்று. 2020 தொடக்கத்தில் மருத்துவமனை மென்பொருள்களில் பொதுவாக 'வாசனை தெரியவில்லை' என்று டிக் அடிக்கக் கட்டம் கிடையாது. ஆனால் நோயாளிகள் சொன்னார்கள், டாக்டர்களும் எழுதி வைத்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் கோவிட் பரிசோதனை செய்துகொண்ட 77,167 பேரின் குறிப்புகளை ஏஐ கொண்டு அலசியபோது, டெஸ்டுக்கு முந்தைய நாட்களில் வாசனையோ சுவையோ போனது பாசிட்டிவ் ஆனவர்களிடம் மற்றவர்களைவிடச் சுமார் 27 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சரி, சொல்லைத் தேடினால் போதாதா? இதற்கு எதற்கு ஏஐ?

இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நானே இட்டுக்கட்டிய ஒரு குறிப்பு இது, தமிழில் தருகிறேன்:

'58 வயது ஆண். 10 வருடமாகச் சர்க்கரை. நெஞ்சுவலி இல்லை என்கிறார். அப்பாவுக்கு 60 வயதில் மாரடைப்பு. நிமோனியாவாக இருக்கலாம், எக்ஸ்ரே பார்க்கவும். சிகரெட்டை 2 வருடம் முன்பு விட்டுவிட்டார். மூச்சு வாங்கினால் உடனே வரச் சொல்லப்பட்டது.'

இதில் நெஞ்சுவலி, மாரடைப்பு, நிமோனியா, சிகரெட், மூச்சு வாங்குதல் என்று ஐந்து சொற்களைத் தேடுங்கள். ஐந்தும் கிடைக்கும். ஆனால் அந்த மனிதருக்கு இன்றைக்கு உறுதியாக இருப்பது இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை, சர்க்கரை மட்டும்தான். முதலாவது இல்லை என்று எழுதப்பட்டது, இரண்டாவது அப்பாவுடையது, மூன்றாவது சந்தேகம், நான்காவது பழைய கதை, ஐந்தாவது இனிமேல் வந்தால் என்ற எச்சரிக்கை.

2010-ல் அமெரிக்காவில் ஐ2பி2 என்ற திட்டம் நடத்திய போட்டியில் இதையே வேலையாகக் கொடுத்தார்கள். குறிப்பில் வரும் ஒவ்வொரு நோயையும் இருக்கிறது, இல்லை, இருக்கலாம், சில சூழலில் மட்டும் வரும், இனி வரக்கூடும், வேறொருவருடையது என்று ஆறு வகையாகப் பிரிக்க வேண்டும்.

அதற்கும் முன்பே, 2001-ல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வெண்டி சாப்மனும் கூட்டாளிகளும் நெக்எக்ஸ் என்ற எளிய வழிமுறையை வெளியிட்டார்கள். 'இல்லை', 'மறுக்கிறார்' போன்ற சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பக்கத்தில் சில சொற்களுக்குள் வரும் நோயை 'இல்லை' கணக்கில் போட்டுவிடும். பெரிய மூளை எதுவும் கிடையாது, பட்டியலும் விதியும்தான். ஆனாலும் அதன் வாரிசுகள் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அதை உருவாக்கியவர்கள் ஒரு நுணுக்கத்தையும் கவனித்தார்கள். 'கட்டியில் மாற்றம் இல்லை' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இல்லை' இருக்கிறது, ஆனால் கட்டியும் இருக்கிறது! இப்படிப்பட்ட போலி மறுப்புகளுக்கு அவர்கள் தனிப் பட்டியல் வைக்க வேண்டியிருந்தது.

பெரிய மொழி மாடல்கள் (சாட்ஜிபிடி போன்றவை) வந்த பிறகும் இந்தப் பழைய கருவிகள் வேண்டுமா?

தேவையைப் பொறுத்தது. நோயாளி புகைப்பவரா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், மெட்ஸ்பேசி மாதிரி இலவசக் கருவியும் ஒரு வார உழைப்பும் பல நேரம் போதும். விதி எழுதும் கருவியில் ஒரு வசதி உண்டு. தப்பு செய்தால் எந்த விதியால் என்று விரல் வைத்துக் காட்டலாம். மேயோ கிளினிக்கில் தொடங்கிய சிடேக்ஸ், லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பக்கம் வளர்ந்த மெட்கேட் ஆகியவை நோய்ப் பெயர்களைப் பொதுக் குறியீடுகளோடு இணைத்துக் கொடுக்கும்.

அதற்கடுத்த தலைமுறை, மருத்துவக் குறிப்புகளையே ஊட்டி வளர்த்த மாடல்கள். 2019-ல் கிளினிக்கல்பெர்ட் வந்தது. 2022-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கேட்டர்ட்ரான், 890 கோடி அளபுருக்களோடு (பயிற்சியில் மாடல் கற்றுவைக்கும் எண்கள்), 9,000 கோடிக்கும் மேலான சொற்களைப் படித்து வந்தது. சாட்ஜிபிடி வகையறாவுக்கு இந்தத் தனிப் பயிற்சிகூட வேண்டாம், கேள்வியைச் சரியாகக் கேட்டாலே நல்ல பதில் தரும். 'நோயாளி மருந்தை ஏன் நிறுத்தினார்?' போன்ற கேள்விக்கு விதி எழுதி மாளாது. அங்கே இவைதான் கெட்டி.

ஆனால் எல்லாவற்றிலும் கெட்டி அல்ல. 2024-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் ஆராய்ச்சியாளர்கள், நோயின் விளக்கத்தைக் கொடுத்து அதற்கான ஐசிடி-10 குறியீட்டைக் கேட்டார்கள். ஜிபிடி-4 நூற்றுக்குச் சுமார் 34 தடவைதான் அச்சு அசலாகச் சரியாகச் சொன்னது. மற்ற நேரங்களில் பக்கத்துக் குறியீடு, அல்லது இல்லவே இல்லாத குறியீடு. குறியீட்டை மாடலிடம் கேட்காமல் அட்டவணையில் தேடுவதே மேல்.

மாடல் இல்லாததை இட்டுக்கட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிலோடு ஆதார வரியையும் குறிப்பில் உள்ளபடி எழுத்து மாறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த வரி உண்மையிலேயே குறிப்பில் இருக்கிறதா என்று சாதாரண நிரலால் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பதிலைத் தனியே எடுத்து மனிதர் கையில் கொடுங்கள். வரி இருந்தும் பதில் தப்பாக இருக்கலாம்தான், ஆனால் அதைக் கண்ணால் பார்த்ததும் தெரிந்துவிடும். 'குறிப்பில் இல்லை' என்பதையும் ஒரு பதிலாக அனுமதியுங்கள். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு வாசலை மட்டும் திறந்து வைத்தால் அது எதிலாவது நுழைந்தே தீரும். மாடலின் பெயர், பதிப்பு, ப்ராம்ப்ட்டின் (மாடலுக்குக் கொடுத்த கேள்வியின்) முழு வாசகம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நிறுவனம் மாடலை மாற்றிவிட்டால், அதே கேள்விக்கு வேறு பதில் வரும்.

நோயாளியின் குறிப்பைச் சாட்ஜிபிடியில் ஒட்டிப் பார்க்கலாமா?

கூடாது. பெயரை அழித்துவிட்டேனே என்றாலும் கூடாது. அடையாளம் நீக்கிய பொதுத் தரவுக்கே இந்தத் தடை உண்டு. மருத்துவத் தரவை ஆராய்ச்சிக்கு வழங்கும் அமெரிக்காவின் பிசியோநெட் தளம், தன்னிடம் பதிவு செய்து பெறும் தரவை இப்படி வெளி நிறுவனங்களின் ஏஐ சேவைகளுக்கு அனுப்புவது ஒப்பந்த மீறல் என்று 2023-ல் வெளிப்படையாகச் சொல்லியது. மருத்துவமனையின் சொந்த சர்வரில் ஓடும் திறந்த மாடல் ஒன்றை வைத்துக்கொள்வதே நிம்மதி. கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழகிப் பார்க்கத் தரவு எங்கே கிடைக்கும்?

உலகத்தில் இந்தத் துறைக்கு வந்த பெரும்பாலோர் மிமிக் என்ற தரவுத்தொகுப்பு வழியாகத்தான் வந்தார்கள். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தரவை, எம்ஐடியில் உள்ள ஆய்வுக்குழு அடையாளம் நீக்கி வெளியிட்டது. 2016-ல் வந்த மிமிக்-3-இல் 2001 முதல் 2012 வரை சேர்ந்த 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். குறிப்புகள் சுமார் 20 லட்சம். அடுத்து வந்த மிமிக்-4-இன் குறிப்புத் தொகுப்பில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரிகள். கட்டணம் இல்லை. மனிதர் சார்ந்த ஆராய்ச்சி பற்றிய ஆன்லைன் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும்.

திறந்ததும் திகைக்காதீர்கள். மிமிக்-3-இல் நோயாளிகள் 2100-க்குப் பிறகு அட்மிட் ஆகியிருப்பார்கள், 300 வயதுப் பாட்டியும் இருப்பார். தேதிகளை ஆளுக்கு ஒரு அளவில் எதிர்காலத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள், 89-க்கு மேற்பட்டவர்களின் வயதை வேண்டுமென்றே 300-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சராசரி வயது கணக்கிடும்போது இந்தப் பாட்டிகளைக் கழிக்க மறந்துவிட்டு முழிப்பது ஒரு சடங்கு மாதிரி, நானும் செய்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இது ஒரே ஊரின் ஒரே ஆஸ்பத்திரி. அங்கே தேறிய மாடல் வேறு ஊரில் தேறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பெயரையும் போன் நம்பரையும் நீக்கினால் அடையாளம் போய்விடுமா?

அமெரிக்கச் சட்டமான ஹிப்பா, நீக்க வேண்டியவை என்று 18 வகைகளைப் பட்டியலிடுகிறது. பெயர், முகவரி, தேதிகள், பதிவு எண், வண்டி நம்பர், முகம் தெரியும் படம் என்று போகும். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவை, பெயரை எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அப்போது எம்ஐடி மாணவியாக இருந்த லடானியா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் இரண்டு பக்கமும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு தனியாக வந்து நின்றது.

அது அட்டவணைத் தரவு. குறிப்பில் இதைவிட மோசம். 'போன வாரம் கோயில் தேர்ச்சக்கரத்தில் கால் மாட்டியவர்' என்று ஒரு வரி இருந்தால், உள்ளூர்க்காரருக்குப் பெயர் எதற்கு? இன்னொரு தலைவலி, பெயர்கள் நோய்க்குள்ளும் இருக்கும். பார்க்கின்சன் என்பதை ஆள் பெயர் என்று கருவி அழித்துவிட்டால் ஆராய்ச்சியே போச்சு. நம் பக்கம் வந்தால், இனிஷியல், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் என்று நாம் எழுதும் முறை அமெரிக்கப் பெயர்களில் பழகிய கருவிக்குப் பிடிபடாது. நோயாளியின் பெயரை அழித்துவிட்டு அப்பா பெயரை அப்படியே விட்டுவைக்கும்.

எத்தனை குறிப்பை மனிதர் படிக்க வேண்டும்? அதற்குத்தானே ஏஐ?

இந்தக் கேள்வி வரும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கலாம். சில நூறு குறிப்புகளையாவது இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, கையால் குறித்தே ஆக வேண்டும். அந்த விடைத்தாள் இல்லாமல் மாடலுக்கு மார்க் போட முடியாது.

அதைவிட முக்கியமாக, அந்த இரண்டு பேரும் எங்கே முரண்படுகிறார்கள் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்வியே தெளிவாகும். 'எப்போதாவது மது' என்று எழுதியிருந்தால் அதை மதுப்பழக்கம் என்று குறிப்பதா வேண்டாமா? ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இரண்டும் தப்பில்லை, நீங்கள் வரையறை சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். வரையறையை எழுதி, மறுபடி குறித்து, ஒத்துப்போகும் அளவைக் கணக்கிடுங்கள் (கப்பா என்ற எண்ணைப் போடுவார்கள்). இரண்டு டாக்டர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மாடல் 95 சதவீதம் துல்லியம் என்று வந்தால் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 குறிப்புகளில், ஒரு அரிய பக்கவிளைவு 100-இல் மட்டும் இருக்கிறது. உங்கள் மாடல் இருப்பவற்றில் நூற்றுக்கு 90-ஐப் பிடிக்கிறது, இல்லாதவற்றில் நூற்றுக்கு 95-ஐச் சரியாக விட்டுவிடுகிறது. அப்படியானால் உண்மையானவை 90 சிக்கும். இல்லாத 9,900-இல் 5 சதவீதம், அதாவது 495 தப்பாகச் சிக்கும். மாடல் நீட்டும் 585 குறிப்புகளில் 90 தான் நிஜம், ஆறில் ஒன்றுகூட இல்லை.

எதையும் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாடல் இதே தரவில் 99 சதவீதம் துல்லியம் வாங்கும். அதனால் கட்டுரையில் வெறும் துல்லியத்தை மட்டும் போட்டிருந்தால் நான் அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன்.

குறிப்பில் இருப்பது உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

குறிப்பில் இருப்பது அவசரத்தில் ஒருவர் எழுதியது. சில நேரம் எழுதியதுகூட இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் குறிப்புகளை ஆராய்ந்து 2017-ல் வந்த கட்டுரைப்படி, அங்கே கையால் தட்டச்சு செய்தது 18 சதவீதம்தான். 46 சதவீதம் பழைய குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியது, 36 சதவீதம் கணினி தானே கொண்டுவந்து நிரப்பியது. 'ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்' என்ற வரி ஒரு வாரத்துக்கு அப்படியே தொடர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரே அறிகுறி 14 தடவை வந்தால் அது 14 சாட்சி ஆகாது.

எழுதுபவரின் மனச்சாய்வும் கூடவே வரும். சிகாகோவில் 18,459 நோயாளிகளின் குறிப்புகளைக் கருவியால் அலசி 2022-ல் வெளியிட்டார்கள். 'ஒத்துழைக்கவில்லை', 'சொன்னதைக் கேட்கவில்லை' போன்ற சொற்கள் இடம்பெறும் வாய்ப்பு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளுக்கு இரண்டரை மடங்கு. இந்தக் குறிப்புகளைப் படித்து வளரும் மாடல் அந்தப் பார்வையையும் சேர்த்தே கற்கும்.

இறப்பை என் மாடல் கிட்டத்தட்ட நூறு சதவீதம் கணிக்கிறது. வெளியிடலாமா?

முதலில் அது எந்தக் குறிப்பைப் படிக்கிறது என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்றால், அதில் 'நோயாளி காலமானார்' என்று எழுதியிருக்கும். எந்த மணிநேரத்தில் கணிப்பு வேண்டுமோ, அதற்கு முன் எழுதிய குறிப்பை மட்டும் கொடுங்கள். அப்புறம், ஒரே நோயாளியின் குறிப்புகள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். குறிப்பு வாரியாகப் பிரிக்காமல் ஆள் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மருத்துவமனைக் குறிப்புகளில் இது எடுபடுமா?

முதல் தடை, பல இடங்களில் கேஸ் ஷீட் இன்னும் கையெழுத்துதான். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் கட்டத்தில் மருந்தளவின் தசமப்புள்ளி தொலைந்தால், அதற்குப் பிறகு எந்த ஏஐயும் காப்பாற்றாது.

இரண்டாவது, சுருக்கெழுத்து. எம்.எஸ். என்று இருந்தால் நம்மூர் இதய வார்டில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற வால்வுச் சுருக்கம். அமெரிக்க நரம்பியல் பிரிவில் அது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். மருந்துச் சீட்டில் மார்ஃபின் சல்பேட்டாகவும் இருக்கலாம்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. நோயாளி தமிழில் சொல்கிறார், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். 'தலை சுத்துது', 'கிர்ருனு வருது', 'எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது' மூன்றும் வேறு வேறு. ஒன்று காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், இன்னொன்று ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். ஆனால் ஓபி நெரிசலில் மூன்றும் 'கிட்டினெஸ்' என்ற ஒரே சொல்லாகிவிடும். கருவிக்கு அந்தச் சொல் தெரியாது என்று நினைக்காதீர்கள், பொது மருத்துவ அகராதிகளில் அது இருக்கிறது. எழுதும்போதே தொலைந்த வித்தியாசத்தை எந்த மாடலாலும் திரும்ப எடுக்க முடியாது. தலைசுற்றல்தான் உங்கள் ஆராய்ச்சி என்றால், பழைய குறிப்புகளை நம்பாமல் நோயாளியின் சொல்லையே பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய குறிப்புகள்தானே, எதிக்ஸ் கமிட்டி அனுமதி தேவையா?

தேவை. நோயாளியிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்கு கிடைக்கலாம், ஆனால் அந்த விலக்கைக் கொடுக்க வேண்டியது கமிட்டி. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023-ல் மருத்துவ ஏஐ ஆராய்ச்சிக்கென்றே தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, வகுத்த தரங்களையும் பின்பற்ற வேண்டும். விண்ணப்பத்தில் தரவு எந்தக் கணினியில் இருக்கும், யார் கையில் சாவி, எப்போது அழிப்பீர்கள் என்பதையெல்லாம் தெளிவாக எழுதினால் கமிட்டி பாதிக் கேள்வியைக் கேட்காது.

நாளைக்கே தொடங்க வேண்டும். முதல் வேலை என்ன?

கணினியைத் திறக்காதீர்கள். நீங்கள் ஆராயப்போகும் வார்டுக்குப் போய், பல வருடம் அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரைப் பிடியுங்கள். அந்த வார்டில் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்துகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஒரு டீ செலவாகும். பிறகு ஐம்பது குறிப்புகளை எடுத்து, ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.